கையால் வரையும் அனிமேஷன் குறும்படம்: 4 நிமிடம், 5 மாதம், ஒரே ஆள். முடியுமா?

நனைந்தகாகிதம்:

வணக்கம். இறுதியாண்டுக்காக ஒரு குறும்படம் செய்கிறேன். முழுக்கக் கையால் வரைவது. குடை பழுதுபார்க்கும் ஒரு பெரியவரின் கதை. மழைநாளில் ஒரு சிறுமி கிழிந்த குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவர் அதைச் சரிசெய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் வரவில்லை. மழைக்காலமே முடிந்துவிடுகிறது. தினமும் அந்தக் குடையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கி வைக்கிறார். கடைசியில் அவள் வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வருகிறாள். வசனம் கிடையாது.

ஸ்டோரிபோர்டில் (கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்தது) 52 ஷாட் இருக்கிறது, தோராயமாக 4 நிமிடம் வரும். ஒப்படைக்க 5 மாதம். வரைவது நான் ஒருத்திதான். ஒலிக்கு மட்டும் ஒரு தோழி உதவுகிறாள். எங்கள் ஆசிரியர் "பாதியாகக் குறை" என்கிறார். குறைத்தால் அந்தக் காத்திருப்பே படத்தில் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. காகிதமா டேப்லெட்டா என்பதிலும் முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு படத்தையாவது முடித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

லைட்பாக்ஸ்:

முதலில் கணக்குப் போட்டுவிடலாம். மாணவனாக இருந்தபோது இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினேன். என் படம் பாதியில் நின்றது, இன்றுவரை முடியவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது திரையில் 24 தனிப் படம். ஒவ்வொரு டிராயிங்கையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 டிராயிங். 'டூஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்கள் 4 நிமிடம் என்பது 240 நொடி, ஆக 2,880 டிராயிங். ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீனப் (அதைச் சுத்தமான கோட்டில் வரைவது), வண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு டிராயிங்குக்கு 40 நிமிடம் வையுங்கள். மொத்தம் 1,920 மணி நேரம். 5 மாதத்தில் 150 நாள் என்றால், ஒரு நாள்கூட விடாமல் தினம் 13 மணி நேரம் வரைய வேண்டும். இதில் பின்னணி ஓவியம் சேரவில்லை, எடிட்டிங் சேரவில்லை, காய்ச்சலில் படுத்த நாளும் சேரவில்லை.

இப்போது 100 நொடிப் படம் என்று வைத்துப் பாருங்கள். அதில் 40 நொடி டூஸில்: 480 டிராயிங். 35 நொடி, ஒரு டிராயிங்கை நான்கு ஃப்ரேமுக்கு நிறுத்தி: 210. மீதி 25 நொடி அசையாத ஷாட்கள், அதற்கு ஒரு 20 போதும். மொத்தம் 710. அதே 40 நிமிடக் கணக்கில் 473 மணி நேரம். 100 நாளில், தினம் 5 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். மீதி 50 நாள் மற்ற எல்லாவற்றுக்கும் கிடைக்கும்.

700 குறைவு என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். 1908இல் எமில் கோல் செய்த 'ஃபேன்டஸ்மகோரி' சுமார் 700 டிராயிங்கில் முடிந்த படம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படமெடுத்துத்தான் அந்த நீளத்தைக் கொண்டுவந்தார். டூஸ் அன்றைக்கே இருந்தது.

உங்கள் ஆசிரியர் சொல்வது சரி என்பது என் கருத்து.

எடிட்மேசை:

கணக்கு சரிதான். ஆனால் எதைக் குறைப்பது என்று ஸ்டோரிபோர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டுக் கட்டங்களையே நேரப்படி ஓடவிடும் மாதிரி வீடியோ) செய்துவிட்டீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

ஸ்டோரிபோர்டில் 52 கட்டமும் ஒரே அளவில் இருப்பதால் எல்லாமே முக்கியம் என்று தோன்றும். அதே கட்டங்களை எடிட்டிங் மென்பொருளில் போட்டு, ஒவ்வொன்றையும் இத்தனை நொடி என்று நிறுத்தி, கைப்பேசியில் பதிந்த மழைச் சத்தத்தை அடியில் ஓட்டிப் பாருங்கள். எந்த ஷாட் சும்மா நிற்கிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பிறகு கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். வாயைத் திறந்து எதையும் விளக்காதீர்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர் முகத்தைப் பாருங்கள். கண் எந்த நொடியில் விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "கதை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நான்கு பேருக்கு இப்படிக் காட்டினால் ஆசிரியருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் வாக்குவாதம் தானாகத் தீர்ந்துவிடும்.

அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டை வெட்ட ஒரு நொடி போதும். வரைந்து வண்ணம் தீட்டிய பிறகு அதே ஷாட்டை வெட்டினால் இரண்டு வாரம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது வெட்ட மனசும் வராது. படத்துக்கு வேண்டாத ஷாட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம்கோடு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இது காத்திருப்பைப் பற்றிய படம். பார்ப்பவருக்கும் நேரம் கடந்துபோனதாகத் தெரிய வேண்டாமா? 100 நொடிக்குள் ஒரு மழைக்காலமும் பல வருடங்களும் என்றால் எல்லாம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

நீளம் வேறு, டிராயிங் எண்ணிக்கை வேறு. ஜன்னல், காலி நாற்காலி, தொங்கும் குடைகள் என்று அசையாத ஷாட்களை 6, 7 நொடி நிறுத்தலாம். பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷாட்டுக்கு ஒரே டிராயிங்கின் மேல் தாள் வைத்து மூன்று முறை கையால் நகலெடுங்கள். மூன்றும் மயிரிழை வித்தியாசத்தில் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி ஓட்டினால் கோடு லேசாகத் துடிக்கும், ஆள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மூன்று டிராயிங்கில் பத்து நொடி கிடைக்கிறது. இப்படிச் செய்தால் 3 நிமிடம்கூட ஒருவரால் முடியும். கதைக்கு வேண்டிய நேரத்தைக் கணக்குக்குப் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லைட்பாக்ஸ்:

@மூன்றாம்கோடு, துடிக்கும் கோடு நல்ல உபாயம், நானும் பயன்படுத்துவேன். ஆனால் அசையாத ஷாட் மலிவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் அசையாத ஷாட்டில் கண் பின்னணியைத்தான் மேயும். 7 நொடி நிறுத்தும் ஜன்னலை 7 நொடி பார்க்கத் தகுந்ததாக வரைய வேண்டும். அப்படி ஒரு பின்னணிக்கு இரண்டு நாள் ஆகும். அதுபோல் பதினைந்து இருந்தால் ஒரு மாதம்.

கோட்டோவியம்:

காகிதமா டேப்லெட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். என் முதல் படம் காகிதத்தில், இரண்டாவது டேப்லெட்டில்.

காகிதத்தில் ஐந்து தாளை விரலிடுக்கில் வைத்துப் புரட்டும்போது அசைவு கைக்குள்ளேயே தெரியும். அந்தப் பழக்கம் வந்தால் பிறகு எதில் வரைந்தாலும் உதவும். ஆனால் தாள் நகராமல் இருக்க பெக் பார் வேண்டும் (நடுவில் ஒரு வட்ட முளை, இரண்டு பக்கமும் தட்டையான முளைகள் உள்ள பட்டை). அதற்கேற்ற துளைபோடும் கருவியும் லைட் பாக்ஸும் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் வரைபலகை) வேண்டும். எல்லாவற்றையும் விட, ஸ்கேனிங்! ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 700 தாளுக்கு 12 மணி நேரம், நின்றபடி. ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு பெக் பாரை அசையாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை ஒட்டாமல் நான் 90 தாளை ஸ்கேன் செய்தேன். ஓட்டிப் பார்த்தால் ஆள் நிலநடுக்கத்தில் நிற்பது போல ஆடினார். 90 தாளையும் மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்தேன்.

டேப்லெட்டில் இந்த வேலை எல்லாம் இல்லை. ஆனியன் ஸ்கின்னில் முன்னும் பின்னும் உள்ள டிராயிங் மங்கலாகத் தெரியும், உடனே ஓட்டிப் பார்க்கலாம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டரின் கிரீஸ் பென்சில் மூன்றுமே இலவச மென்பொருள். ஓப்பன்டூன்ஸ் என்பது ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் வழி வந்தது, 2016இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். எக்ஸ்-ஷீட் (எந்த டிராயிங் எந்த ஃப்ரேமில் வரும் என்று எழுதும் அட்டவணை) பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் வசதி.

5 மாதமும் ஒரே ஆளும் என்றால் என் ஓட்டு டேப்லெட்டுக்குத்தான். பின்னணியை மட்டும் காகிதத்தில் நீர்வண்ணத்தில் செய்யலாம். மழைக் கதைக்கு அந்த ஈரம் பொருந்தும், ஸ்கேன் செய்ய இருபது, முப்பது தாள்தான் இருக்கும். அப்புறம், டேப்லெட்டில் பெரிதாக்கி உள்ளே போய்ப் புருவத்தைத் திருத்தும் ஆசை வரும். தயவுசெய்து அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முழுச் சட்டகமும் தெரியும் அளவிலேயே வரையுங்கள்.

நனைந்தகாகிதம்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன். அனிமேட்டிக் செய்தேன், ஐந்து பேருக்குக் காட்டினேன்.

எடிட்மேசை அண்ணா சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். சிறுமி வீட்டிலிருந்து கிளம்பி வரும் 9 ஷாட்டிலும் ஐந்து பேருக்கும் கண் அலைந்தது. எனக்கு அது மிகவும் பிடித்த பகுதி, ஆனாலும் எடுத்துவிட்டேன். இப்போது படம் கடை வாசலில் அவள் கை நீட்டுவதில் தொடங்குகிறது. ஐந்தில் மூன்று பேருக்கு முடிவில் வரும் பெண் அதே சிறுமி என்று புரியவில்லை. அதனால் அவள் குடையைக் கொடுக்கும்போது கைப்பிடியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவதாகவும், வளர்ந்து வந்தபின் அதையே செய்வதாகவும் மாற்றினேன். அடுத்து பார்த்த இரண்டு பேரும் அந்த இடத்தில் "ஓ" என்றார்கள்.

27 ஷாட், 1 நிமிடம் 55 நொடி. இன்னும் உறுத்துவது நடுப்பகுதிதான். அவர் குடையை விரித்துப் பார்ப்பது மூன்று முறை வருகிறது. மூன்றையும் தனித்தனியாக வரைந்தால் கணக்கு மறுபடி ஏறுகிறது. ஒன்றாக்கினால் காத்திருப்பு போய்விடுகிறது.

எடிட்மேசை:

மூன்றையும் தனித்தனியாக ஏன் வரைய வேண்டும்? ஒருமுறை வரையுங்கள், மூன்று முறை பயன்படுத்துங்கள்.

தினமும் செய்கிற ஒரு காரியம் அது. அதே கோணம், அதே கை, அதே அசைவு என்று திரும்ப வருவதுதான் பார்ப்பவருக்கு "இன்றைக்கும் இவர் இதைச் செய்கிறார்" என்று சொல்லும். பின்னணியில் வெளிச்சத்தையும் ஜன்னலுக்கு வெளியே உள்ளதையும் மட்டும் மாற்றுங்கள். முதல் முறை மழை, இரண்டாவது வெறும் மேகம், மூன்றாவது நல்ல வெயில்.

இன்னொன்று. எக்ஸ்-ஷீட்டில் மூன்றுக்கும் வேறு வேறு நேரம் கொடுங்கள். முதல் முறை குடையை விரித்ததும் ஒரு நொடியில் தலை நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறார். இரண்டாவது முறை இரண்டு நொடி கழித்துப் பார்க்கிறார். மூன்றாவது முறை மூன்றரை நொடி குடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தலை நிமிரும் டிராயிங் வரவே இல்லை. நேராக மடக்கிவிடுகிறார். டிராயிங் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் அவர் நம்பிக்கை தளர்ந்தது தெரிந்துவிடும்.

மூன்றாம்கோடு:

இதைப் படித்ததும் என் பழைய பதிலைத் திருத்திக்கொள்ளத் தோன்றுகிறது. அசையாத ஷாட்களால் நீட்டுவதை விட இது எவ்வளவோ மேல். அந்த மூன்றாவது முறையில் மட்டும், மூன்றரை நொடி நிற்கும் இடத்தில் துடிக்கும் கோட்டைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் படம் உறைந்துவிட்டது போல இருக்கும்.

லைட்பாக்ஸ்:

தங்கச்சி, அந்தக் குடை விரியும் ஷாட் மூன்று முறை வரப்போவதால் உங்கள் நல்ல நேரத்தை அதில் போடுங்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடைக்கு எட்டுக் கம்பி. பக்கவாட்டில் பார்த்தால் விரியும்போது எட்டும் எட்டு கோணத்தில் நகரும், பைத்தியம் பிடித்துவிடும். அவர் அதை நம்மை நோக்கி விரிக்கட்டும். அப்போது நடுவிலிருந்து ஒரு பூ விரிகிற வடிவம்தான், ஒரு வட்டத்தை எட்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். அவர் முகம் குடைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

விரிவது வேகமாக நடக்கட்டும், மொத்தம் கால் நொடி, 6 ஃப்ரேம். இந்த இடத்தில் மட்டும் டூஸை விட்டு ஒரு ஃப்ரேமுக்கு ஒரு டிராயிங் போடுங்கள், 6 டிராயிங். டூஸில் மூன்றே டிராயிங் இருந்தால் தாவுவது போல் தெரியும். விரிவதற்கு முன் துணி ஒருமுறை உள்பக்கம் ஒடுங்க வேண்டும், 4 ஃப்ரேம் போதும். அந்த ஒடுக்கம் இல்லாவிட்டால் விசை தெரியாது. விரிந்து முடிந்ததும் கம்பிகள் நின்றுவிடும், ஆனால் துணியின் ஓரம் இன்னும் கொஞ்சம் வெளியே போய்த் திரும்பி அடங்கும். அதற்கு டூஸில் 5, 6 டிராயிங். கம்பிக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பின்தங்கல்தான் அதைத் துணி என்று நம்பவைக்கும்.

அடுத்து, குடைக்கு உள்பக்கம் அவர் முகம் தெரியும் இடத்துக்கு ஒரு யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எதற்காக விரித்துப் பார்க்கிறார்? தையல் சரியாக இருக்கிறதா என்று. ஒரு ஊசித் துளை விட்டுப்போயிருந்தால் அதன் வழியாக ஒரு வெளிச்சப் புள்ளி அவர் கன்னத்தில் விழும். குடையை மெதுவாகச் சுற்றும்போது புள்ளி கன்னத்திலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் நகர்கிறது. முகம் ஒரே டிராயிங், நகர்வது புள்ளி மட்டும். தனி லேயரில் 12 டிராயிங். மூக்கின் மேல் ஏறும்போது புள்ளி நீளும், கண் குழிக்குள் போகும்போது சுருங்கும். முகத்துக்கு மேடு பள்ளம் இருக்கிறது என்று அந்தப் புள்ளியே காட்டிவிடும்.

நடைக்கும் ஒரு குறிப்பு. ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம் என்பது அணிவகுப்பு வேகம், 16 சாவகாசமான நடை. உங்கள் பெரியவருக்கு 20, 22 கொடுங்கள். கேமரா அவரோடு நகரும் ஷாட் இருந்தால் அங்கே டூஸ் வேண்டாம். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், ஆள் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை நகர்வார், உருவம் அதிரும். முடிந்தால் கேமராவை நிறுத்திவிட்டு அவரைச் சட்டகத்துக்குள் நடந்து வரவிடுங்கள்.

சத்தப்பெட்டி:

ஒலி பக்கத்திலிருந்து ஓரிரு விஷயம். மழைச் சத்தத்தைப் படம் முழுக்க ஒரே மட்டத்தில் ஓட்டாதீர்கள். கூரையில் விழும் மழை, தரையில் விழும் மழை, குடைத் துணியில் விழும் மழை மூன்றும் வேறு. தோழியிடம் மூன்றையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். குடை விரியும் சத்தத்துக்கு நிஜக் குடையே போதும், ஆனால் பத்து முறை விரித்துப் பதியுங்கள். மூன்று முறை வரும் ஷாட் என்றீர்களே, டிராயிங் ஒன்றாக இருந்தாலும் சத்தம் மூன்றும் வேறு பதிவாக இருக்கட்டும். ஒரே பதிவென்றால் காது கண்டுபிடித்துவிடும்.

இசை வேண்டுமென்றால் தெரிந்த பாடலை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாத இசை இருந்தால் பிறகு விழாவுக்கு அனுப்ப முடியாது. பிரான்சின் அன்னெசி போன்ற பெரிய அனிமேஷன் விழாவிலேயே மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அந்தக் கதவை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

கோட்டோவியம்:

ஓவியத்தில் வரும் மழைக்கு நான் செய்தது: இரண்டு லேயர். பின்னால் மெல்லிய கோடுகள் 5 டிராயிங், முன்னால் தடித்த கோடுகள் 7 டிராயிங். இரண்டையும் டூஸில் சுற்றவிட்டால் ஒரே சேர்க்கை 35 டிராயிங்குக்கு ஒருமுறைதான் திரும்பும், அதாவது கிட்டத்தட்ட 3 நொடிக்கு ஒருமுறை. வரைந்தது 12தான். 8 டிராயிங்கை ஒரே லேயரில் சுற்றவிட்டால் ஒரு நொடி தாண்டுவதற்குள்ளேயே கண் பிடித்துவிடும்.

கோப்புகளுக்கு இன்றே ஒரு பெயர் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஷாட் எண், லேயர், பதிப்பு எண். தினம் இரவு வேறொரு வட்டில் நகல். என்னுடன் படித்த ஒருவர் ஒப்படைப்புக்கு 12 நாள் இருக்கும்போது கணினி கெட்டு எல்லாவற்றையும் இழந்தார். கடைசியில் அனிமேட்டிக்கைத்தான் திரையிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நகலெடுக்க மறப்பதில்லை.

நனைந்தகாகிதம்:

ஏழு வாரம் ஆகிவிட்டது. 27 ஷாட்டில் 11 ரஃப் முடிந்தது, 4 ஷாட் வண்ணம் வரை வந்துவிட்டது. மொத்தக் கணக்கு 760 டிராயிங்கில் நிற்கிறது. ஆசிரியர் அனிமேட்டிக்கைப் பார்த்துவிட்டு "இதையே செய்" என்றார்.

குடை ஷாட்டின் பென்சில் டெஸ்டை (வண்ணம் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை) இங்கே ஏற்றியிருக்கிறேன். வெளிச்சப் புள்ளியைச் செய்தேன், லைட்பாக்ஸ் அண்ணா. முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது புள்ளி கண்ணுக்குள் போகும் இடத்தில் அவர் இமைக்க வேண்டும் என்று தோன்றியது, 3 டிராயிங் சேர்த்தேன். மூன்றாவது முறை வரும்போது அந்த இமைப்பை எடுத்துவிட்டேன். கண்ணில் வெளிச்சம் விழுந்தும் அவர் இமைக்கவில்லை. இது சரியா, அதிகமாகிவிட்டதா? சொல்லுங்கள்.

எடிட்மேசை:

நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். இமைக்காமல் இருப்பது சரி. அதைத் தொடாதீர்கள்.

லைட்பாக்ஸ்:

துணியின் ஓரம் அடங்குவது அழகாக வந்திருக்கிறது. புள்ளி லேயரில் மட்டும் 8ஆவது டிராயிங்கிலிருந்து 9க்கு ஒரு துள்ளல் தெரிகிறது, மூக்கு நுனியைத் தாண்டும் இடம். வளைவை விட்டு ஒரு நூல் மேலே போய்விட்டது. எல்லாப் புள்ளிகளின் நடுவையும் சேர்த்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள், தெரியும்.

நனைந்தகாகிதம்:

கோடு போட்டுப் பார்த்தேன், 9 மேலே இருக்கிறது. இறக்கிவிட்டேன், இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அதே கோட்டில் 11உம் கொஞ்சம் பின்தங்கியிருந்தது, அதையும் சரிசெய்தேன். நாளை ஷாட் 12, அவள் கைப்பிடியைத் தடவும் இடம். கட்டைவிரல் டைமிங் சார்ட்டை (டிராயிங்குகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவுக்கோடு) போட்டதும் இங்கேயே ஏற்றுகிறேன்.